மருந்து பதினாலு

ஊசியக்காவின் நோட்டு மூன்று நாளாக என் சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது. கோடு போட்ட நூறு பக்க நோட்டு. அட்டையில் ஈர டம்ளர் வைத்த வட்டங்கள். அதைப் படித்து, இந்த நாட்டு மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொல்லியிருந்தார் தோட்டச் சங்கத்துச் செயலாளர் அம்மாள். எங்கள் தோட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி அந்த நோட்டை எழுதியவள். இன்னொருத்தி நான்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் ரயில் பாதைச் சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு நிலம் கிடக்கிறது. அதுதான் தோட்டம். கம்பி வேலி போட்டு இருபத்தாறு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வாசலில் ஒரு தகரப் பலகை. பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. தெளித்தால் முப்பது நாளில் துண்டைக் காலி செய்ய வேண்டும். மரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கடைசி வரிதான் எல்லாரையும் பயமுறுத்தும். கத்தரிச் செடியை விட்டுவிட்டுப் போய்விடலாம். பதினோரு வருஷம் வளர்த்த மரத்தை யாரோ ஒருவருக்கு விட்டுவிட்டு, அதே வேலி ஓரமாகத் தினமும் பஸ்ஸுக்கு எப்படி நடந்து போவது?

அக்காவுக்கு நாலு மரம். இரண்டு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு அத்தி. பெரிய துணிக்கடை ஒன்றின் நிலவறையில் இருபத்திரண்டு வருஷமாக ஜிப் மாற்றுவதும், பேன்ட் அடி மடிப்பதும், இடுப்பு பிடிப்பதும் அவள் வேலை. ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்று வாடிக்கையாளர் சட்டையைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்வாள். காலரில் எப்போதும் நாலு ஊசி குத்தியிருக்கும். கட்டிப்பிடிக்கப் போனால் குத்தும் என்று யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. அது அவளுக்கும் வசதிதான்.

அந்த வேலையைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். பழ ஈ முட்டை வைக்காமலிருக்க, பழைய ஜன்னல் திரைகளில் வலைப்பை தைத்து ஒவ்வொரு கொய்யாப் பிஞ்சுக்கும் மாட்டுவாள். கிழிந்த பேன்ட்களிலிருந்து பிரித்த ஜிப்பை அந்தப் பைகளுக்கு வைத்துத் தைத்திருந்தாள். பழம் பழுத்ததா என்று பார்க்க ஜிப்பை இறக்கி, பார்த்துவிட்டு ஏற்றிவிடுவாள். "உலகத்துலேயே கொய்யாவுக்கு ஜிப் வச்ச ஒரே பொம்பளை இவங்கதான்" என்று பக்கத்துத் துண்டுக்காரர் எல்லாரிடமும் சொல்வார். எறும்பு ஏறாமலிருக்க மரத்தடியில் தையல் சாக்பீஸால் வட்டம் போடுவாள். எறும்பு அதை மதித்ததா தெரியாது. நான் மதித்தேன், தாண்டிப் போவேன்.

எனக்குத் துண்டு கிடைத்ததே அவள் சிபாரிசில்தான். அதனாலேயே எனக்குப் பயம். இந்த ஊரில் நம்மில் ஒருவர் தப்பு செய்தால் அதே மொழி பேசுகிற எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில், கடிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுகிற என் மேசையில், அந்தப் பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்கா விஷம் தெளிக்கிறாள் என்று புகார் கொடுத்தவர் அந்தப் பக்கத்துத் துண்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். இங்கேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை செயலாளரை வேலியோரம் நிறுத்திவைத்து, அவருக்கு மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்.

"எனக்கு அவங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா நீங்களே பாருங்க. ஒரே காத்து, ஒரே தண்ணி, நடுவுல ஒரு கம்பி. இந்தப் பக்கம் என் மாதுளை இலை எல்லாம் சுருண்டு, பிசுபிசுன்னு ஒட்டுது. பூரா செடிப்பேன். அந்தப் பக்கம் எலுமிச்சை கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. எப்படி?"

"வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும்," என்றாள் அக்கா.

"அதத்தானே நானும் அடிக்கிறேன்."

"அடிக்கிற கை வேற."

"கை வேறயா, பாட்டில் வேறயா? விஷத்தை அடிச்சா பூச்சி எங்க போகும்? வேலி தாண்டி என் வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும்."

லிஃப்ட்காரரின் மனைவி வெங்காயத்தாள் பிடுங்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "எட்டு வருஷமா அவங்களுக்கு ஏணியைத் தூக்கித் தூக்கிக் குடுத்த மனுஷனா இது? அந்தம்மா உங்களுக்கு ஏதோ மருந்து வச்சுட்டாங்கன்னுல்ல நான் நினைச்சேன்."

எங்கள் நாலு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவுக்கும்கூட. செயலாளர் என்னைப் பார்த்தார். என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒரு பெண் ஆணை மயக்கச் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று அந்த மனைவி முன்னாலேயே எப்படி விளக்குவது? "ஏதோ மருந்து விஷயம்" என்று முடித்துவிட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

சங்க விதிப்படி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நோட்டு உண்டு. என்ன உரம் போட்டோம், எதைத் தெளித்தோம், எல்லாம் எழுதவேண்டும், எந்த மொழியிலும் எழுதலாம். செயலாளர் கையை நீட்டினார்.

"தமிழ்லதான் எழுதியிருக்கேன்னு சொல்லு," என்றாள் அக்கா அவசரமாக.

செயலாளர் என்னைக் கைகாட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். "இவதானே, படிக்கட்டும்" என்று நோட்டை நீட்டினாள். ஆனால் அவள் கட்டைவிரல் அட்டையிலிருந்து எடுபட ஒரு நொடி தாமதமானது. அந்த நொடியில்தான் எனக்குச் சந்தேகம் முளைத்தது.

முளைத்தபின் அது எதைத் தின்றும் வளர்ந்தது. நூல்கண்டு வைக்கிற ஒரு தகரடப்பாவை அவள் கைப்பைக்குள் மறைத்துக் கொண்டுபோவது நினைவுக்கு வந்தது. வேலைக்குப் போகும் முன், ஆறு மணிக்கே, யாரும் வராத நேரத்தில் அவள் தோட்டத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. "என்னக்கா டப்பா?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "நூல்டி, வேற என்ன" என்றவள், தோட்டத்தில் நூலுக்கு என்ன வேலை என்று நான் கேட்பதற்குள் பேச்சை மாற்றியதும் நினைவுக்கு வந்தது.

நோட்டைத் திறந்தேன். முதல் பக்கங்களில் பழுதில்லை. "வேப்பெண்ணெய், சோப்பு, சாயங்காலம்." "பூண்டும் மிளகாயும் அரைத்து வடிகட்டி அடித்தேன், கண் எரிச்சல்." "அழுகின பழம் பாட்டிலில், ஈ முப்பது." பிறகு, போன கோடையிலிருந்து, வேறு மாதிரி வரிகள்.

"லி.மா. மருந்து 14. எலுமிச்சை, மேற்குக் கிளை."

"லி.மா. மருந்து 11. எலுமிச்சை, உச்சி."

"லி.மா. மருந்து 6. அத்தி."

வேப்பெண்ணெயை வேப்பெண்ணெய் என்று எழுதுகிறவள், இதற்கு மட்டும் ஏன் பெயர் எழுதவில்லை? லி.மா. என்பது என்ன? கடையில் விற்கிற ஏதோ ஒரு பாட்டிலின் பெயரைச் சுருக்கி எழுதியிருக்கிறாள் என்றுதான் பட்டது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், "நீ யாரு பக்கம்?" என்பாளோ என்று கேட்கவில்லை. கேட்டது செயலாளருக்குத் தெரிந்தால், நம்மாளைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பாரோ என்றும் கேட்கவில்லை.

எழுத உட்கார்ந்தேன். இந்த நாட்டு மொழியில் எண் தனியாக நிற்காது. பதினாலு என்றால் பதினாலு என்ன என்று கேட்கும். "பூச்சிக்கொல்லி, பதினாலு சொட்டு" என்று எழுதினேன். சொட்டு என்ற சொல் நோட்டில் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் "மருந்து மருந்து" என்று இரண்டு முறை வந்திருந்தது. கை தவறி இரண்டுமுறை எழுதியிருக்கிறாள் என்று அந்த வரியையே விட்டுவிட்டேன். ஒரு சொல்லைச் சேர்த்தேன், ஒரு வரியைக் கழித்தேன். நோட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, புதன்கிழமை அந்தத் தாளையும் நோட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வியாழக்கிழமை அக்காவின் வேலிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு நேரில் விளக்கம் தர வேண்டும். தவறினால் முப்பது நாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் போனேன். அவள் பாட்டிலும் கையுமாக நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் என் மனசு ஆறும் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். அக்கா லிஃப்ட்காரரின் ஏணியை வேலிமேல் சாய்த்து ஏறினாள். கை வேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய மாதுளைக் கிளைக்குள். இன்னொரு கையில் நூல் டப்பா. மெஷினில் பஞ்சு தட்டுகிற சின்ன பிரஷ்ஷால் இலையைத் தொட்டாள், டப்பாவைத் தொட்டாள், இலையைத் தொட்டாள். அந்தத் தூரத்திலிருந்து எடுக்கிறாளா வைக்கிறாளா தெரியவில்லை.

வைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. தன் மரத்துப் பூச்சியை எல்லாம் பொறுக்கி அந்த மனுஷன் மரத்தில் விடுகிறாள்! விஷத்தைவிடக் கேவலம். நேரே வீட்டுக்கு வந்தேன். நோட்டின் பிரதியை எடுத்து மறுபடி கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். விட்டுவிட்ட அந்த வரியை இப்போது வாய்விட்டுப் படித்தேன்.

"லி.மா.வில் மருந்து மருந்துக்குக்கூட இல்லை."

கை தவறவில்லை. கொஞ்சம்கூட இல்லை என்பதைத்தான் நம் வீடுகளில் மருந்துக்குக்கூட இல்லை என்கிறோம். லி.மா.வில் மருந்து கொஞ்சம்கூட இல்லை. லி.மா.*வில்*. பாட்டில் பெயருக்கு எதற்கு அந்த 'வில்'? லி.மா. ஒரு இடம். அங்கிருந்து எதையோ எடுக்கிறாள். பதினாலு இருந்தது, பதினொன்றானது, ஆறானது, தீர்ந்துபோனது.

லிஃப்ட்காரர் மாதுளை.

மத்தியானம் அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுத் துணிக்கடைக்குப் போனேன். நிலவறைப் படியிறங்கினால் நீராவி இஸ்திரிப் பெட்டியின் சூடு முகத்தில் அடித்தது. அக்கா யாருடைய கோட்டுக் கையையோ பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. என்ன, ஜிப் போயிடுச்சா?"

"அக்கா, மருந்துன்னா என்ன?"

அவள் கத்தரி நின்றது. "எந்த மருந்து?"

"நோட்டுல பதினாலுன்னு எழுதினீங்களே, அந்த மருந்து."

கதவைப் பார்த்தாள். மெஷின் இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்து என் முன்னால் திறந்தாள். ஒரு மாதுளை இலை. அதன் மேல் மூன்று புழுக்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, முதலைக் குட்டி மாதிரி முள்ளு முள்ளாக உடம்பு.

"பொறிவண்டோட குஞ்சு. தீந்து போயிருந்துச்சு, இப்பத்தான் மறுபடி வருது," என்றாள். "வளர்ந்தா சிவப்பா, அழகா இருக்கும். இப்ப இருக்கிற அலங்கோலத்துல ஒண்ணு ஒரு நாளைக்கு அம்பது செடிப்பேன் திங்கும். இதைவிட என்னடி மருந்து வேணும்?"

"அவர் மரத்துலேருந்து திருடுறீங்க."

"எடுக்கிறேன்."

"கேட்டா எடுத்தீங்க?"

டப்பாவை மூடிவிட்டுக் கோட்டுக் கையை மறுபடி எடுத்தாள். பிறகு மெதுவாக, "நீ என்ன எழுதிக் குடுத்தே?" என்றாள்.

சொன்னேன். அவள் கையிலிருந்த கோட்டுக் கை மேசையில் விழுந்தது.

"சொட்டா? சொட்டுன்னு நான் எங்கடி எழுதினேன்?"

"எழுதல. அந்த மொழியில சும்மா பதினாலுன்னு..."

"புரியலன்னா கேக்கிறதுக்கு என்ன? நாலு கட்டடம் தள்ளித்தானே இருக்கேன்? அந்த மரம் போச்சுன்னா இந்தக் குழிக்குள்ளேருந்து ஏறி எங்க போவேன்னு நினைச்சே?" குரல் ஏறவில்லை; மேலே கடை திறந்திருந்தது. "போங்க. எனக்கு வேலை இருக்கு. நாளைக்கு வந்து உங்க வாயாலயே சொல்லுங்க."

படியில் பாதி ஏறியபின்தான் உறைத்தது. போங்க. உங்க. ஏழு வருஷத்தில் என்னிடம் அவள் 'நீங்க' போட்டுப் பேசியதே கிடையாது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் செயலாளர் என் தாளோடு வந்தார். லிஃப்ட்காரரும் மனைவியும் வேலிக்கு அந்தப் பக்கம். நான் முதலில் பேசினேன். சொட்டு என்பது நான் சேர்த்தது, ஒரு வரி நான் விட்டது, மொழிபெயர்ப்பு தப்பு என்றேன். செயலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் பயந்துகொண்டிருந்த அதே பார்வை. புதன்கிழமை உண்மை சொன்னாயா, இன்றைக்கா என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன்.

நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது. அது அக்கா கையில் இருந்தது. டப்பாவைத் திறந்தால் விஷக்காரி இல்லை, திருடி. மூடியே வைத்திருந்தால் முப்பது நாள்.

அக்கா நாலு மரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஏணியை எட்டு வருஷமாகத் தூக்கிக் கொடுத்த மனுஷனைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்து வேலிமேல் வைத்தாள்.

"என் எலுமிச்சை சுத்தமா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். விஷம் அடிச்சா முதல்ல சாகிறது இதுதான். வேணும்னா மேற்குக் கிளையைத் திருப்பிப் பாருங்க, உயிரோட இருக்கும்." மூச்சு விட்டாள். "எல்லாம் உங்க மாதுளைலேருந்து எடுத்தது."

நான் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை. செயலாளர் எலுமிச்சைக் கிளையைத் திருப்பினார். இலைக்கு அடியில் இரண்டு கறுப்பு முதலைகள், பக்கத்தில் சிலந்தி வலை, ஒரு வண்டு. விஷம் பட்ட மரத்தில் இத்தனை குடித்தனம் இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

லிஃப்ட்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவுக்குள் குனிந்தார். நிமிரும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"இதா? இந்தக் கறுப்புப் பிசாசத்தானே நான் தினம் நசுக்கிட்டு இருந்தேன்!"

"தெரியும்," என்றாள் அக்கா.

"தெரியுமா?"

"போன கோடையில நீங்க கட்டைவிரலால நசுக்கினதைப் பாத்துதான் எடுக்க ஆரம்பிச்சேன். வீணாப் போகுதேன்னு."

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நசுக்காதீங்கன்னு!"

"சொன்னா நசுக்காம நீங்களே வச்சுக்குவீங்க. அப்புறம் உங்க மரத்துலேருந்து எப்படி எடுக்கிறது?"

லிஃப்ட்காரரின் மனைவிதான் முதலில் சிரித்தாள். "மருந்து வச்சாங்கன்னு நான் சொன்னது தப்பு. உங்ககிட்ட இருந்த மருந்தையும் எடுத்துட்டுப் போயிருக்காங்க." செயலாளர் என் பக்கம் திரும்பினார். இந்த முறை முழுசாக, சோற்றில் கலப்பதிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் என் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

துண்டு அக்காவுக்கே என்று தீர்ப்பானது. பூச்சி திருடினால் காலி செய்ய வேண்டும் என்று விதி இல்லை. அடுத்த வாரமே பலகையில் ஒரு புது வரி சேர்ந்தது: அடுத்தவர் மரத்திலிருந்து எதையும், உயிருள்ளதானாலும், கேட்காமல் எடுக்கக் கூடாது. நோட்டின்படி எடுத்தது அறுபத்தொன்று. அத்தனையையும் அக்கா திருப்பி விட வேண்டும், நான் கூட நின்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எட்டு வாரம் எண்ணினேன். அக்கா எலுமிச்சையிலிருந்து பிரஷ்ஷால் எடுப்பாள், மாதுளையில் விடுவாள். லிஃப்ட்காரர் ஏணியைத் தருவதில்லை. ஆனால் அவள் ஏறும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கண்ணாடியோடு. "அது மூணா, நாலா? எனக்கு மூணுதான் தெரியுது" என்பார். "நாலு. ஒண்ணு உங்க விரலைப் பாத்துப் பயந்து அடியில ஒளிஞ்சிருக்கு" என்பாள். நோட்டில் புது வரிகள் எனக்காகவே எழுதியவை. "பொறிவண்டுக் குஞ்சு 7. சொட்டு அல்ல." அடுத்த வாரம், "பொறிவண்டுக் குஞ்சு 9. சொட்டு அல்ல." என்னிடம் அவள் பேசியதெல்லாம் "வாங்க", "பாத்துக்கோங்க", "கையெழுத்துப் போடுங்க". ஒவ்வொரு 'ங்க'வும் காலர் ஊசி மாதிரி குத்தியது.

மாதுளையில் புதுத் தளிர் விரிந்து வந்தது. அறுபத்தொன்று முடிந்த சனிக்கிழமை, கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். அக்கா கொய்யாவிலிருந்து ஒரு பையைக் கழற்றி, ஜிப்போடு என் கையில் வைத்தாள். "வச்சுக்கோங்க," என்றாள்.

வேலி தாண்டியதும் ஜிப்பை இறக்கினேன். மஞ்சளாக, ஒரு கீறல் இல்லாமல், சந்தேகப்படும்படி அழகாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். பழக்கம். என்னையறியாமல் கை போனது.

"ஏய்!" பின்னாலிருந்து அவள் குரல் நிலம் முழுக்கக் கேட்டது. ஸ்டூலைப் பிடித்திருந்த லிஃப்ட்காரரே திரும்பிப் பார்த்தார். "என்னடி மோந்து பாக்கிறே? இன்னுமா சந்தேகம்? கடிடி!"

அங்கேயே நின்று கடித்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் விழுங்குகிற வரை பார்த்தாள்.